முப்பதாம் நம்பர் வண்டி

பெட்டியில் சிவப்பு எழுத்தில் இருபத்தொன்பது என்று மின்னியது. தண்டவாளத்தில் நீல எஞ்சின் நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணுச்சாமி மறுபடியும் கட்டிலுக்கு அடியில் புகுந்து, எல்லா வயரையும் தொட்டுப் பார்த்துவிட்டு, தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார்.

"அந்தப் பெட்டிக்கு மட்டும் கரண்டு வருது, வண்டிக்கு வரலையாக்கும்" என்றாள் அன்னக்கொடி. அவள் குரலில் இரக்கம் இல்லை. பொம்மை ரயில் ஓடுவதாக இருந்த அந்தத் தேக்குக் கட்டில் அவள் பிறந்த வீட்டுச் சீர். மெத்தையைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுக் கட்டில் மேல் பலகையை அடித்த நாளிலிருந்து புருஷனும் பெண்சாதியும் தரையில் படுத்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணுச்சாமி போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் கணக்குப்பிள்ளை. ரயில் பயணிகள் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். சங்கத்தின் முழு நேரக் கவலை மத்தியான ரயில். கூட்டம் இல்லை என்று அதை நிறுத்தப்போவதாக ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. மனு எழுதி எழுதிக் கண்ணுச்சாமிக்கு ரயில் மேலேயே ஒரு பாசம் வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் ஜெர்மனியில் வேலை பார்க்கும் அவருடைய மைத்துனன் காசிமாயன், விடுமுறைக்கு வந்திருந்தபோது, அங்கே பெரிய மனிதர்கள்கூட வீட்டில் பொம்மை ரயில் ஓட்டுகிறார்கள் என்று சொல்லி ஆசையைக் கிளப்பிவிட்டான்.

ரயிலை ஓட்ட இரண்டு வகைப் பெட்டி இருப்பதாகக் காசிமாயன் சொன்னான். ஒன்று பழைய மாதிரி: குமிழைத் திருகினால் ஓடும், திருப்பினால் நிற்கும். புதுசாகப் படிக்கிறவருக்கு அது போதும். ஆனால் இரண்டு வண்டியைத் தனித்தனியாக ஓட்ட வேண்டுமென்றால் தண்டவாளத்தைத் துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் வயர் இழுத்து, ஒவ்வொன்றுக்கும் சுவிட்சு போட வேண்டும். இன்னொன்று அப்போதுதான் வந்த டிஜிட்டல் பெட்டி. இரண்டே வயர். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நம்பர். எந்த நம்பரைக் கூப்பிடுகிறோமோ அந்த வண்டி மட்டும் ஓடும்.

கண்ணுச்சாமி யோசிக்கவே இல்லை. அந்த வருஷம் போடியில் டிஜிட்டல் கைக்கடிகாரம் கட்டியவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். "ரெண்டு வயரு போதும்னா அதையே அனுப்பு மாப்ளே" என்றார்.

குரங்கணிக்கு மேலே எஸ்டேட் வைத்திருந்த முதலாளியின் மகன் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தார். தை மாதம் அவர் ஊருக்கு வந்தபோது காசிமாயன் சாமான்களை அவரிடம் கொடுத்துவிட்டான். எஸ்டேட் ஜீப்பு வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனது. தண்டவாளம், இரண்டு எஞ்சின், ஒரு டிரான்ஸ்பார்மர், சிவப்பு எழுத்து மின்னும் ஒரு பெட்டி. கூடவே ஜெர்மன் மொழியில் ஒரு தாள். முதலாளி மகனை விட்டால் அதைப் படிக்கத் தெரிந்த ஆள் தேனிப் பள்ளத்தாக்கில் யாரும் இல்லை; மலையேறிப் போய் அவரிடம் கேட்கக் கண்ணுச்சாமிக்குக் கூச்சம்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியோ கடை வைத்திருந்த சுடலை வந்து வயர்களை இணைத்துக் கொடுத்தான். டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கம்பி ஒரு திருகில், தண்டவாளத்துக்குப் போகும் கம்பி இன்னொரு திருகில். அதுவரை சிக்கல் இல்லை. பெட்டியிலிருந்து மூன்றாவதாக ஒரு நீளமான வயர் வந்தது. அதன் நுனியில் ஆணி மாதிரி ஒரு வெள்ளிக் குச்சி. எந்தத் திருகிலும் அது நுழையவில்லை. சுடலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எர்த்து வயராக இருக்கும் என்று முடிவு செய்து, ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டான்.

பெட்டியில் மேலே ஓர் அம்புக்குறி, கீழே ஓர் அம்புக்குறி. அழுத்தினால் ஒரு நம்பர் வரும், ஏறும், இறங்கும். விரலை எடுத்தால் அது போய்ப் பழைய நம்பரே திரும்பி வந்துவிடும். நாம் வைப்பது வேகம் என்று கண்ணுச்சாமி கண்டுகொண்டார். முதல் நாளே வேகம் வேண்டாம் என்று இருபதில் வைத்தார். வண்டி அசையவில்லை. அந்தச் சமயத்தில்தான் தலையில் ஒட்டடையோடு அவர் வெளியே வந்தது.

சுடலை மறுபடியும் வந்து எல்லா இணைப்பையும் பிரித்து ஈயம் வைத்துப் பற்றவைத்தான். அப்போதும் ஓடவில்லை. கடைசியில் பொறுமை போய் அம்புக்குறியை அழுத்திப் பிடித்தான். அறுபதுக்குப் போனதும் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். நீல எஞ்சின் பாய்ந்து கிளம்பி, முதல் வளைவிலேயே தண்டவாளத்தை விட்டு எழும்பி, அன்னக்கொடி புடைத்துக்கொண்டிருந்த உளுந்து முறத்தில் போய் விழுந்தது.

அவள் எஞ்சினை எடுத்து முந்தானையால் துடைத்துக் கட்டில் மேல் வைத்தாள். அன்று ராத்திரிச் சோற்றுக்குக் குழம்பு வைக்கவில்லை.

இருபதில் ஓடாது, அறுபதில் நிற்காது என்று ஆனபின், சுடலை டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்க, கண்ணுச்சாமி முப்பதில் வைத்தார். மறுநாள் காலை வண்டி ஒழுங்காகச் சுற்றியது. மண்டிக்குப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தால் நகரவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் தானாகக் கிளம்பிவிட்டது. தினமும் இதே கதை.

தோட்டத்து பம்ப்செட்டுகள் எல்லாம் ஓடுவதால் மத்தியானத்தில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது என்று சுடலை சொன்னான். கடையிலிருந்து ஒரு ஸ்டெபிலைசரைத் தூக்கி வந்து ஜன்னலில் வைத்தான். அது உறுமிக்கொண்டு, தொட்டால் கை பொறுக்காத அளவுக்குக் கொதித்தது. அது வந்த பிறகு வண்டி காலையிலும் ஓடுவதை நிறுத்திவிட்டது.

வேறு வழி இல்லாமல் கண்ணுச்சாமி தபாலாபீஸில் காத்துக் கிடந்து ஜெர்மனிக்கு ஒரு டிரங்கால் போட்டார். கடலுக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் காசிமாயன் குரல் வந்தது.

"பெட்டியில நம்பர் தெரியுதா மச்சான்?"

"தெரியுது மாப்ளே. ஆனா காலையில ஒண்ணு காட்டுது, மத்தியானம் வேற ஒண்ணு காட்டுது."

"ரெண்டு எஞ்சினுக்கும் ரெண்டு நம்பர் இருக்குமுல்ல. நம்பர் தெரிஞ்சாச் சரி மச்சான், பெட்டி நல்லாத்தான் இருக்கு."

அதோடு தொடர்பு அறுந்தது. கண்ணுச்சாமிக்கு மனம் நிறைந்துவிட்டது. நிஜ ரயிலுக்கும் காலை வண்டிக்கு ஒரு நம்பர், மத்தியான வண்டிக்கு ஒரு நம்பர்தானே. அதைக்கூட ஜெர்மன்காரன் யோசித்துச் செய்திருக்கிறான் என்று வீட்டுக்கு வந்து அன்னக்கொடியிடம் சொன்னார். அப்படியானால் மத்தியான வண்டி ஏன் ஓடவில்லை என்று அவள் கேட்டாள்.

பதில் கிடைத்தது ஒரு தற்செயலில். ஸ்டெபிலைசரைத் திருப்பி அனுப்பும்போது ஜன்னலில் கட்டியிருந்த வெள்ளிக் குச்சியும் அவிழ்ந்துவிட்டது. அதைக் கட்டில் மேலேயே, தீப்பெட்டி அட்டையில் செய்து வைத்திருந்த ஸ்டேஷனுக்குள் செருகினார். ஸ்டேஷனுக்குள் ஒரு சின்ன பல்பும் இருந்தது. அழகுக்காக அதைப் போட்டார். சுற்றிக்கொண்டிருந்த வண்டி சற்று நேரத்தில் நின்றது. பல்பை அணைத்தார். கொஞ்சம் பொறுத்து வண்டி கிளம்பியது. மறுபடி போட்டார், நின்றது. மறுபடி அணைத்தார், கிளம்பியது.

கண்ணுச்சாமிக்குப் புரிந்துவிட்டது. அது எர்த்து வயர் இல்லை, சிக்னல் வயர். ஸ்டேஷனில் விளக்கு எரிந்தால் நிற்க வேண்டும், அணைந்தால் போக வேண்டும் என்று பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது. அவர் அன்னக்கொடியைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினார். அவளும் தன் கையால் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். வண்டி நின்றது. "சொன்ன பேச்சைக் கேக்குதே" என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சேதி சங்கத் தலைவர் ராக்கையாவின் காதுக்குப் போனது. ராசிங்காபுரத்தில் தோட்டமும் தோப்பும் உள்ளவர், எதையும் பெரிசாகச் செய்துதான் பழக்கம். ஒரு நாள் காலையில் வந்து வண்டி நிற்பதையும் கிளம்புவதையும் பார்த்தார். மாசிக் கடைசியில் மத்தியான ரயிலைப் பற்றி முடிவு செய்ய ஒரு ரயில்வே அதிகாரி வருவதாக இருந்தது. சங்கக் கட்டடத்தில் அவருக்கு இந்த ரயிலை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அந்த இடத்திலேயே தீர்மானம் போட்டார்.

"போடிக்காரன் வீட்டுக்குள்ளயே மத்தியான ரயில் ஓட்டுறான், நீங்க நிறுத்தப் பாக்குறீங்களேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மனுசன் மடங்கிருவாரு" என்றார்.

மத்தியானத்தில் வண்டி ஓடாது என்பது கண்ணுச்சாமிக்குத் தெரியும். காலையிலேயே நிகழ்ச்சியை வைத்துக்கொள்ளலாமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார். மத்தியான ரயிலைக் காலையில் ஓட்டிக் காட்டினால் அதற்கு என்ன மரியாதை என்று ராக்கையா கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதிகாரி வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. சங்கக் கட்டடத்துக்குத் தகரக் கூரை. கட்டிலை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து நடுவில் போட்டிருந்தார்கள். சீர்க் கட்டில் தெருவில் போவதைப் பார்த்து, அன்னக்கொடி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறாள் என்று பக்கத்துத் தெருவில் ஒரு வதந்தி கிளம்பி, அவள் பிறந்த ஊரான தேவாரத்திலிருந்து அண்ணன்மார்கள் பஞ்சாயத்துப் பேச வந்துவிட்டார்கள். வந்தவர்களையும் முன் வரிசையில் உட்கார வைத்தாயிற்று.

அதிகாரி ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. நிகழ்ச்சி முடிந்ததும் காரில் நேராக மதுரை போவதாகத் திட்டம். அவருக்கு மாலை போட்டு, கட்டில் ஓரமாக நாற்காலி போட்டு, கையில் பெரிய தம்ளர் நிறைய நன்னாரி சர்பத்தும் கொடுத்தார்கள்.

பெட்டியில் முப்பத்தெட்டு மின்னியது. அப்படி ஒரு நம்பரைக் கண்ணுச்சாமி அதுவரை பார்த்ததே இல்லை. ஸ்டேஷன் விளக்கை அணைத்தார். வண்டி கிளம்பவில்லை. விளக்கைப் போட்டு அணைத்தார். கிளம்பவில்லை. அதிகாரி சர்பத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு, மத்தியான வண்டிக்கு அதுவாகவே விருப்பம் இல்லை போலிருக்கிறதே என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். ராக்கையா சிரிக்கவில்லை.

ஒற்றை வண்டியாக இருப்பதால்தான் மதிப்பில்லாமல் போகிறது என்று ராக்கையாவுக்குப் பட்டது. எழுந்து போய் அட்டைப் பெட்டியில் கிடந்த சிவப்பு எஞ்சினையும் எடுத்துத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு, கண்ணுச்சாமியின் காதருகே குனிந்தார்.

"மாப்ளே, எதை அமுக்கணுமோ அதை அமுக்கு. ஊர் மானம் போகுது."

கண்ணுச்சாமி அம்புக்குறியை அழுத்தினார். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று போய், பயத்தில் அவர் விரலை எடுக்க மறந்ததால் அறுபதைத் தாண்டியது. 'டிக்' என்றது. இரண்டு எஞ்சினும் ஒன்றாகக் கிளம்பின. சபை கை தட்டியது. கண்ணுச்சாமி ஸ்டேஷன் விளக்கைப் போட்டார். நிற்கவில்லை. அணைத்துப் போட்டார். நிற்கவில்லை. சிவப்பு எஞ்சினுக்குக் கொஞ்சம் வேகம் அதிகம். சுற்றுக்குச் சுற்று அது நீலத்தை நெருங்கி வந்தது. பிளக்கைப் பிடுங்கலாம் என்று சுடலை ஓடினான். அதற்குள் அதிகாரி உட்கார்ந்திருந்த பக்கத்து வளைவில் சிவப்பு நீலத்தின் மேல் ஏறி, இரண்டும் சேர்ந்து கட்டிலை விட்டுப் பறந்து, தம்ளரில் மோதின. சர்பத்து முழுவதும் வெள்ளைக் கால்சட்டையில் இறங்கியது.

கண்ணுச்சாமிக்கு மத்தியான ரயில் தன் கண் முன்னாலேயே நின்றுபோனது தெரிந்தது. ஊரில் இனி யார் பஸ்சுக்குக் காத்து நின்றாலும் தன்னைத்தான் திட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, குனிந்து எஞ்சின்களைப் பொறுக்கினார்.

சங்கத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கத்தில் தண்ணீர் உள்ள இடம் ரயில் நிலையம்தான். காலை அகட்டி வைத்து நடந்த அதிகாரியை அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள்.

பிளாட்பாரத்தில் மத்தியான வண்டிக்கு ஆள் நின்றிருந்தது. சாதாரணக் கூட்டம் இல்லை. மலையிலிருந்து இறங்கிய எஸ்டேட் ஜனம் மூட்டையும் முடிச்சுமாக, தக்காளிக் கூடையோடு பெண்கள், பரீட்சைக்குப் போகிற காலேஜ் பிள்ளைகள். குழாயடியில் நின்று கால்சட்டையைப் பிழிந்துகொண்டே அதிகாரி அவர்களைப் பார்த்தார். கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராக்கு என்ற பெண்ணிடம், தினமும் இவ்வளவு பேர் வருவார்களா என்று விசாரித்தார்.

"வராமப் பின்ன? பஸ்சுல கூடையை ஏத்த மாட்டேங்குறான் சாமி. இந்த வண்டி இல்லைன்னா நாங்க தக்காளியைக் காட்டுலயே கொட்டிட்டு வரணும்" என்றாள் அவள்.

துணி காய்கிற வரைக்கும் அதிகாரி அங்கேயே நின்றார். வண்டி வந்தது, ஜனம் ஏறியது, நிற்க இடமில்லாமல் புறப்பட்டது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தனக்குக் கொடுத்திருந்த கணக்கு வேறு மாதிரி இருந்தது என்றும், இந்த வண்டியை நிறுத்தச் சொல்லித் தான் எழுதப்போவதில்லை என்றும் ராக்கையாவிடம் சொன்னார். காரில் ஏறும்போது கண்ணுச்சாமியைத் தேடிக் கை கொடுத்தார். கை பிசுபிசுவென்று இருந்தது.

அன்று மாலைக்குள் ஊரில் கதை வேறு உருவம் எடுத்துவிட்டது. அதிகாரியைக் காரில் ஏறவிடாமல் ஸ்டேஷனுக்கு இழுத்துப்போக, சர்பத்தைக் குறி வைத்து ரயிலை விட்டது கண்ணுச்சாமியின் மூளை என்றார்கள். முதலில் அவர் மறுத்தார். ராக்கையா பொன்னாடை போர்த்தியபோது பேசாமல் இருந்தார். அதற்கடுத்த நாள் அவரே அதை ஓரளவு நம்பத் தொடங்கினார். கட்டில் வீட்டுக்குத் திரும்பி வந்தது. மெத்தையை மறுபடி விரிக்கலாமா என்று அவர் கேட்டதற்கு, வேண்டாம், ரயிலே இருக்கட்டும் என்று அன்னக்கொடி சொல்லிவிட்டு, படுக்கப் புதுசாக இரண்டு கோரைப்பாய் வாங்கி வந்தாள். தேவாரத்து அண்ணன்மார்களுக்கும் மாப்பிள்ளையைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டது.

தினமும் காலையில் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கண்ணுச்சாமி கட்டில் பக்கத்தில் நின்று, கையில் ஒரு குச்சியோடு விளக்கம் சொன்னார். பழைய குமிழ்ப் பெட்டிக்கும் டிஜிட்டலுக்கும் என்ன வித்தியாசம், முப்பதாம் நம்பர் ஏன் பத்திரமான நம்பர், சிக்னல் வயரை எங்கே செருக வேண்டும், எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். ஜெர்மனியில் இதைப் படிக்கவே தனிப் படிப்பு இருக்கிறது, நான் கையாலேயே கண்டுபிடித்தேன் என்றும் சேர்த்துக்கொள்வார். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பயப்படாமல் டிஜிட்டலையே வாங்க வேண்டும், அதற்கு நம்மைவிட அறிவு இருக்கிறது என்று முடிப்பார்.

அப்படி ஒரு காலையில், அவர் பேசி முடிக்கும் நேரத்தில், மலையிலிருந்து ஓர் ஆள் வந்து வாசலில் நின்றான். சட்டையெல்லாம் விறகுப் புகை நாற்றம். கையில் சாக்கில் சுற்றிய ஒரு பொட்டலம். குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டில் வேலை பார்க்கிற ஒச்சப்பன் என்று சொல்லிக்கொண்டான். அவனும் ரயில் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று கண்ணுச்சாமி முன்னால் வரச் சொன்னார். அன்னக்கொடி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்து, ஒச்சப்பன் சாக்கை அவிழ்த்தான். உள்ளே குமிழும், நம்பர் பொத்தான்களும், முகப்பில் சின்னதாக ஓர் எஞ்சின் படமும் போட்ட ஒரு பெட்டி இருந்தது.

"சின்ன முதலாளி கொண்டாந்ததுல ரெண்டும் மாறிப் போச்சாம்ணே. இதுதான் உங்க ரயில் பெட்டியாம். ஏலக்காய் வாட்டுற ஸ்டோருக்குச் சூடு பாக்குற பெட்டி உங்ககிட்ட இருக்காம், வெரசாக் கழட்டிக் கொடுங்க, மேல காய் கருகுது."